பட்டியலில் இன்னும் இருப்பவளுக்கு

இன்று காலை உன் பெயர் என் திரையில் வந்தது.

வீட்டுக் கணக்கெடுப்பில் இன்னும் கைரேகை வைக்காதவர்களின் பட்டியல் அது. மாதம் ஒருமுறை வரும். நான் பெயர்களைப் படிப்பதில்லை. எந்த மண்டலத்தில் எத்தனை பேர் என்று மட்டும் பார்த்துவிட்டு அந்தந்த ஊருக்கு அனுப்பிவிடுவேன். இன்று எதையோ தேடிக் கீழே இறங்கிக்கொண்டே போனபோது உன் பெயர், உன் அப்பா பெயர், கதவு எண், வயது நாற்பத்தொன்பது. காரணம் எழுதும் கட்டத்தில், மூன்று முறை போயும் வீட்டில் ஆள் இல்லை என்று தெலுங்கில் இருந்தது.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. அப்போது உனக்கு நாற்பத்தெட்டு. இடையில் வந்த பிறந்தநாளைக் கணினி மறக்கவில்லை.

மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து உன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். காலண்டர் தாளில் அட்டை போட்ட நீள நோட்டு. முன்பக்கத்தில் பாதி முருகன், பின்பக்கத்தில் மீதி மயில். அதில் உன் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை இன்னும் இருக்கிறது என்று எழுத ஆசைதான். இல்லை. பழைய காகித வாசனை மட்டும்தான் வருகிறது. இல்லாததை எழுதினால் உனக்கே பிடிக்காது.

புத்தூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தமிழ் மீடியத்தில் படித்தோம். நீ நர்ஸ் பயிற்சிக்குப் போனாய். நான் திருப்பதிக்கு வந்து புள்ளியியல் படித்தேன். நான் எம்.எஸ்ஸி முடித்துவிட்டு வந்தபோது, "அஞ்சு வருஷமா எண்ணக் கத்துக்கினியா?" என்று கேட்டாய். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பிறகு சித்தூரில் திட்டப் பிரிவில் வேலை கிடைத்தது. மாவட்டம் பிரிந்தபோது திருப்பதிக்கு அனுப்பினார்கள். நீ மட்டும் இடம் மாறவில்லை. நாகலாபுரம் வழியாகச் சத்தியவேடு போகும் சாலையோரம், அதே சுகாதார நிலையம், அதே வேப்பமரம். அங்கிருந்து பைக்கில் கொஞ்ச தூரம் போனால் பஸ்ஸின் நிறம் மாறிவிடும், தமிழ்நாடு.

எங்கள் அலுவலகத்துக்கு அந்தப் பொதுத் திரை வந்த கதையை உனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் ஒவ்வொரு துறையும் ஒரு கணக்கு வைத்திருந்தது. கூட்டத்தில் சுகாதாரத் துறை ஓர் எண் சொல்லும், அங்கன்வாடிக்காரர்கள் வேறோர் எண் சொல்வார்கள், போலீஸ் மூன்றாவது எண்ணோடு வரும். எது சரி என்று பேசியே மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். பிறகு எல்லாத் துறைகளின் பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே திரையில் காட்டச் சொல்லி மாநிலத்திலிருந்து உத்தரவு வந்தது. எந்தக் கட்சி வந்தாலும் போனாலும் அது மட்டும் நிற்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நான் எதையும் சீக்கிரத்தில் நம்புகிறவள் அல்ல என்று உனக்குத் தெரியும். ஆனால் யார் உரக்கப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் முடிவு போவதைவிட, எண் பார்த்து முடிவெடுப்பது மேல் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தத் திரையை வைத்து நான் செய்த முதல் பெரிய வேலை உன் ஊர் ஆம்புலன்ஸை எடுத்ததுதான்.

எந்த ஆம்புலன்ஸ் எங்கே நிற்கவேண்டும் என்று பார்த்து மாற்றச் சொன்னார்கள். நாயுடுபேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையில் விபத்துகள். ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலிருந்து வண்டிகள் பறக்கின்றன. அங்கே ஒரு வண்டி தேவை; அதில் பொய் இல்லை. உன் சுகாதார நிலையத்திலோ, பதிவு செய்த கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல் கடைசி மாதங்களில் "தொடர்பில் இல்லை". பிரசவங்கள் மிகக் குறைவு. ஆம்புலன்ஸ் கேட்டு வந்த அழைப்புகள் அதைவிடக் குறைவு. ஆனால் வண்டி ஓடிய கிலோமீட்டர் மட்டும் நிறைய. அழைப்பே இல்லாமல் வண்டி எங்கே ஓடுகிறது? குறிப்பில் ஒரு வரி எழுதினேன்: வாகனம் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தப்பட்டிருக்கலாம். நன்றாக நினைவிருக்கிறது, அதை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. இரண்டு துறைகளின் பதிவை ஒன்றாக வைத்துப் பார்த்ததால்தானே இது தெரிந்தது என்று.

வண்டியை நாயுடுபேட்டைக்கு மாற்றினார்கள். டிரைவர் முனிரத்தினத்துக்கு மெமோ போனது.

இரண்டு வாரம் கழித்து நீ என் அலுவலகத்துக்கு வந்தாய். முன்கூட்டிச் சொல்லவில்லை. எல்லார் எதிரிலும் வாசலில் நின்று, "மேடம், ஒரு நிமிஷம் டைம் கெடைக்குமா?" என்றாய். நீ என்னை மேடம் என்றால் எவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரியும். உள்ளே வந்து கதவைச் சாத்தினாய். தோளில் பெரிய பை, கையில் இந்த நோட்டு. தலை கலைந்திருந்தது, முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாய்.

"முனிரத்தினம் வண்டிய சொந்த வேலைக்கு ஓட்டிக்கினு இருந்தான்னு எழுதுனது யாரு?"

நான் அப்படி எழுதவில்லை, இருக்கலாம் என்றுதான் எழுதினேன் என்றேன்.

"இருக்கலாம்னு நீ ஏசி ரூம்ல குந்திக்கினு எழுதுவ. அவன் மூணு நாளா சோறு துன்னல."

பிறகு உட்கார்ந்து, முந்தின நாள் நடந்ததைச் சொன்னாய். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு ஊத்துக்கோட்டையில் கட்டிக்கொடுத்த பெண், முதல் பிரசவத்துக்கு உன் ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். மத்தியானம் வலி எடுத்தது. வேப்பமரத்தடியில் வண்டி இல்லை. ஷேர் ஆட்டோவில் படுக்கவைத்து, நீயும் ஏறிக்கொண்டு புத்தூருக்குக் கிளம்பினாய். ஏரிக்கரை வளைவு தாண்டுவதற்குள் ஆட்டோவிலேயே குழந்தை பிறந்துவிட்டது. பிறந்த குழந்தை அழவில்லை. நீ அதை உன் மடியில் போட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை என்றாய். ஆட்டோக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப்போய் ஏரியைப் பார்த்து நின்றுகொண்டான் என்று மட்டும் சொன்னாய். கடைசியில் குழந்தை அழுதது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. புத்தூரிலிருந்து திருப்பதிக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டாள். நீ நேராக அங்கிருந்துதான் வந்திருந்தாய். முதல் பஸ் என்று நான் நினைத்தது தப்பு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. இதுபோல் எத்தனை கேஸ் என்று கேட்டேன்.

நீ நோட்டை என் மேசைமேல் வைத்தாய். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு. மத்தது எத்தினின்னு கண்டுபுடிக்கத்தான் உங்கிட்ட வந்தேன்."

பதிவில் அவ்வளவு பிரசவம் இல்லையே என்று திரையை உன் பக்கம் திருப்பினேன். நீ திரையைப் பார்க்கவில்லை.

"நீ எங்கடி பொறந்த?"

ஊத்துக்கோட்டையில்.

"ஏன் அங்க?"

அம்மாவின் ஊர் அது என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லத் தேவையிருக்கவில்லை.

எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் எப்போதும் எல்லைக்கு இரண்டு பக்கமும்தான். ஒன்பதாம் மாதம் வளையல் அடுக்கி, தலைப் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போய்விடுவார்கள். ஆந்திராவில் பதிவான பெண் தமிழ்நாட்டில் பெறுவாள். தமிழ்நாட்டில் பதிவான பெண் இங்கே வந்து பெறுவாள். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் நம் செயலி நம் மாநிலப் பதிவு எண் கேட்கும். வந்தவளிடம் அது இல்லை. போனவள் "தொடர்பில் இல்லை". ஆக, என் திரையில் உன் ஊரில் ஏறத்தாழப் பிரசவமே நடக்கவில்லை. அழைப்புகளும் அப்படித்தான். அந்த ஊர்களில் செல்போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆம்புலன்ஸ் எண்ணைப் போட்டால் அந்த மாநிலத்தில் எடுப்பார்கள். அவர்கள் ஊர் பெயரைக் கேட்டுவிட்டு, அது எங்கள் எல்லையில் இல்லையே என்பார்கள். அதனால் எல்லாரும் உனக்குப் போன் செய்தார்கள். நீ முனிரத்தினத்துக்குப் போன் செய்தாய். வண்டி ஓடியது, அழைப்பு பதிவாகவில்லை.

இந்த வழக்கத்தால் அந்த ஊரில் பிறந்தவள் நான். ஆறு துறைகளின் பதிவை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். என் அம்மா எங்கே போய் என்னைப் பெற்றாள் என்பதை மட்டும் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ என் வீட்டுக்கு வந்தாய். வண்டியின் லாக் புத்தகத்து நகலை நான் வாங்கி வைத்திருந்தேன். "மொதல்ல துன்னுட்டு அப்பறம் பாக்கலாம்" என்று நீயே கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்தாய். அன்றுதான் இந்த நோட்டை முதன்முதலாகத் திறந்து பார்த்தேன். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் வந்தவர்கள், வலப்பக்கம் போனவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எங்கிருந்து, எங்கே, யார் வீடு, என்ன குழந்தை, எடை. போனவர்களின் விவரம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஊத்துக்கோட்டைப் பக்கத்து நர்ஸ் அம்மாவிடம் புதன்கிழமைதோறும், தடுப்பூசி போட்டு முடித்த பிறகு, போனில் கேட்டுக்கொள்வாயாம். அவர்கள் பெண்களின் விவரத்தை நீ சொல்வாய், நம் பெண்களின் விவரத்தை அவர் சொல்வார். இரண்டு மாநிலங்கள் செய்யாததை நீங்கள் இருவரும் உங்கள் போனில் செய்துகொண்டிருந்தீர்கள். யாரும் சொல்லி ஆரம்பித்ததில்லை.

எதற்காக இவ்வளவு எழுதுகிறாய் என்றேன். "காணம்னு எழுதினா யாரும் தேட மாட்டாங்கடி. எங்கன்னு எழுதினா ஒருத்தராவது போய்ப் பாப்பாங்க" என்றாய். சொல்லிவிட்டு ஊறுகாய் இல்லையா என்று கேட்டாய்.

உன் நோட்டின் தேதியையும் லாக் புத்தகத்துத் தேதியையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தோம். அழைப்பில்லாமல் ஓடிய ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உன் நோட்டில் ஒரு பெண் இருந்தாள். ஒரே ஒரு நாள் மட்டும் பொருந்தவில்லை. புத்தூர் வரை போய் வந்திருக்கிறது. நோட்டில் எதுவும் இல்லை. உன்னைப் பார்த்தேன். நீ ஜன்னலைப் பார்த்தாய்.

"அது முனிரத்தினம் தங்கச்சி கல்யாணம். அண்டா, குண்டான் ஏத்திக்கினு போனான். திரும்பி வரப்போ நானும் ஏறிக்கினேன்."

அதையும் எழுதத்தான் வேண்டும் என்றேன். எழுதிக்கொள் என்றாய். பிறகு, அந்தக் கல்யாணத்தில் சாம்பார் நன்றாக இல்லை, அதையும் சேர்த்து எழுதிக்கொள் என்றாய். நான் ஓட்டத்தை மட்டும் எழுதினேன். அந்த ஒன்றை மறைக்காமல் வைத்ததால்தான் மற்றதை எல்லாரும் நம்பினார்கள் என்று இன்றும் நினைக்கிறேன்.

கூட்டத்தில் பெரிய அதிகாரி ஒருவர், வேறு மாநிலத்துப் பெண்களுக்கு நம் வண்டி எதற்கு என்று கேட்டார். நோட்டின் இரண்டு பக்கங்களையும் எடுத்துக்காட்டி, வருகிறவர்களும் போகிறவர்களும் ஏறத்தாழச் சமம் என்றேன். அந்தப் பக்கமும் இப்படியே கேட்டால் நம் பெண்கள்தான் ரோட்டில் நிற்பார்கள் என்றேன். அப்படியானால் நாயுடுபேட்டைக்கு எந்த வண்டி என்று கேட்டார். அதே பொதுத் திரையில் தேடியபோது, வேறோர் இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று வண்டிகள் நிற்பது தெரிந்தது. அதிலொன்றை நாயுடுபேட்டைக்கு அனுப்பினார்கள். முனிரத்தினம் வேப்பமரத்தடிக்குத் திரும்பினான்; மெமோவும் ரத்தானது. சில மாதங்களில் செயலியில் "வேறு மாநிலப் பதிவு" என்று ஒரு தேர்வு வந்தது. அதை யார் கேட்டு வந்தது என்று எங்கும் எழுதியிருக்காது.

அன்று மாலை போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "நீயே அங்க பொறந்தவள்னு சொன்னியா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா?" என்றாய். அலுவலகக் கூட்டத்தில் சொந்தக் கதை எதற்கு என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ அதற்குள் யாரிடமோ பேசப் போய்விட்டாய்.

போன வருஷம் உனக்கு வயிற்று வலி என்றார்கள். சென்னைக்குப் போனாய். அங்கே கைவிரித்ததும் உன் தம்பி ஊத்துக்கோட்டையில் தன் வீட்டுக்கு அழைத்துப்போனான். நான் ஒருமுறைதான் வந்தேன். அதற்குக் காரணமாக நான் சொன்ன வேலைகள் எல்லாம் உண்மைதான், ஆனால் அவை காரணம் அல்ல. நீ கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். கை மெலிந்து வளையல் முழங்கை வரை ஏறியது. நோயைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. புதிதாக வந்த நர்ஸ் பெண்ணுக்கு "வேறு மாநிலப் பதிவு" எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டாய். தெரியும் என்றேன். கிளம்பும்போது தலையணைக்கு அடியிலிருந்து இந்த நோட்டை எடுத்துக் கொடுத்தாய். "இனிமே கம்ப்யூட்டர்ல ஏறிடும் இல்ல? இது எனக்கு எதுக்கு?"

அடுத்த மாதம் தம்பி வீட்டிலேயே போய்விட்டாய். இறப்புச் சான்றிதழ் அந்த ஊரில்தான் பதிவானது. அதனால்தான் இன்று என் பட்டியலில் உயிரோடு இருக்கிறாய்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்று காலையில் அரை நிமிஷம்கூட ஆகவில்லை. முன்பு உன்னிடமிருந்து கற்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேண்டியிருந்தது.

உன் தம்பிக்குப் போன் செய்தேன். சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பினான். அதன் எண்ணை ஏற்றினேன். செல்லாத எண் என்று வந்தது. இறந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பட்டியலில் நம் மாநிலத்து மாவட்டங்கள் மட்டுமே. பக்கத்து மேசையில் இருப்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நிரந்தரமாக இடம்பெயர்ந்தார்" என்று போட்டுவிடுங்கள் மேடம், வரிசை மூடிக்கொள்ளும் என்றார். அவர் நல்ல மனிதர். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். சுட்டியை அந்தத் தேர்வின் மேல் வரை கொண்டுபோனேன். போட்டிருந்தால் உன் பூட்டிய வீட்டுக்கு நான்காம் முறை யாரும் நடந்திருக்க மாட்டார்கள். இதை நான் எழுதிக்கொண்டிருக்கவும் மாட்டேன்.

நோட்டு பக்கத்தில் இருந்தது. வலப்பக்கத்தில், போனவர்களில், எந்தப் பெயருக்கு எதிரேயும் எங்கே என்ற இடம் காலியாக இல்லை.

தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இந்தத் திரையைக் கவனிக்கும் பெண் அதிகாரி எடுத்தார். இறந்த இடம் வேறு மாநிலம் என்று ஒரு தேர்வு சேர்க்க வேண்டும், அந்த மாநிலத்துச் சான்றிதழ் எண்ணை ஏற்க வேண்டும் என்று தெலுங்கில் விளக்கினேன். எல்லையோரத்து ஊர்களில் பெரிய ஆஸ்பத்திரி என்றால் சென்னை, கடைசி நாட்கள் என்றால் உறவினர் வீடு. இரண்டும் அந்தப் பக்கம் என்றேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, நியாயமாகவே, நானாக இருந்தாலும் கேட்டிருக்கக்கூடிய கேள்வியைக் கேட்டார். இதுபோல் எத்தனை கேஸ் இருக்கும் மேடம்?

"எனக்குத் தெரிந்தது ஒன்று. மற்றது எத்தனை என்று கண்டுபிடிக்கத்தான் உங்களிடம் கேட்கிறேன்" என்றேன்.

அந்த ஒன்று யார், உங்களுக்குத் தெரிந்தவரா என்று கேட்டார்.

அன்று கூட்டத்தில் சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்தது. என் சிநேகிதி, பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்றேன். பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

பெயரைச் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன் என்றார் போனில் அந்த அதிகாரி. சொன்னேன். தமிழ்ப் பெயர், அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.